படம் அசையவில்லை: குழந்தை மானிட்டர் வாங்கிய கதை

அன்று இரவு ஒன்பது மணிக்கு என் கைபேசித் திரையில் மகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய வீட்டில், அதே மகள் முகம் சிவக்க வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நாங்கள் இருப்பது ஜோஹானஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில், மனைவியின் பெற்றோர் வீட்டுக் கொல்லையில். ஆமாம், வீட்டோடு மாப்பிள்ளை. திருநெல்வேலியில் என் சித்தப்பாக்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே வாடகை என்ன என்று தெரியாது. முன்னால் இரட்டைச் செங்கல் சுவர் வைத்த பெரிய வீடு. அதில் அத்தை, மாமா, மனைவியின் பாட்டி. பாட்டியை எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை எங்களுடையது. நடுவில் இருபது காலடியில் கடக்கிற முற்றம். அதில் ஒரு துணிக்கொடி, ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு பெரிய பச்சைத் தண்ணீர்த் தொட்டி. இந்தத் தொட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மகள் பிறந்தது 2023 மே மாதம். தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தை விளக்க வேண்டியதில்லை. சுழற்சி மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் நின்ற காலம். ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் மின்சாரம் இருக்காது. அதோடு உயர்நிலப் பகுதியின் குளிர்காலம் வேறு. தந்தையர்க்குச் சட்டப்படி கிடைத்த பத்து நாள் விடுப்பு முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். என் வேலை அமெரிக்க நேரத்தில் நடப்பது; இரவு பதினொன்று வரை காதில் ஹெட்போன். ஒற்றை அறையில் நான் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை தூங்காது. அதனால் ஏழு மணிக்குப் பெரிய வீட்டில் தூங்கவைத்து, பதினொரு மணிக்கு எங்கள் அறைத் தொட்டிலுக்குத் தூக்கிவருவது என்று ஏற்பாடு. அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் மானிட்டர், அதாவது பிள்ளை அழுவதை வேறு இடத்தில் இருக்கும் பெற்றோருக்குத் தெரியவைக்கும் கருவி, தேவைப்பட்டது.

மென்பொருள்காரன் அல்லவா, வைஃபையில் ஓடும் கேமரா ஒன்றை வாங்கினேன். படம் தெளிவாக இருந்தது, இருட்டிலும் தெரிந்தது, கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதினொரு நாள் அருமையாக வேலை செய்தது. பன்னிரண்டாவது நாள் எட்டு மணிக்கு மின்சாரம் போனது. எங்கள் அறையில் சிறிய இன்வெர்ட்டர் இருந்ததால் விளக்கும் மடிக்கணினியும் ஓடின. இணையத்தைக் கைபேசி வழியாக எடுத்துக்கொண்டேன். திரையில் மகள் தூங்கினாள். அத்தையும் மாமாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மனைவி அலுப்பில் கண்ணசந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குக் கதவை யாரோ தடியால் இடித்தார்கள். திறந்தால் ஆயா. ஒரு கையில் டார்ச், மறு கையில் கைத்தடி. மூட்டு வலியால் பிள்ளையைத் தூக்க முடியாமல், அந்தக் குளிரில் முற்றத்தைத் தாண்டி வந்திருக்கிறார். நான் கைபேசியைக் காட்டி, "தூங்குகிறாளே ஆயா" என்றேன். ஆயா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது போட்டோ" என்றார்.

மின்சாரம் போனபோதே ரவுட்டர் செத்துவிட்டது, கேமராவும் செத்துவிட்டது. செயலி மட்டும் கடைசியாக வந்த படத்தை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் கணினியோடு பிழைப்பவனுக்கு இது தோன்றவில்லை. காது மந்தமான எண்பத்து நான்கு வயது ஆயாவுக்குத் தோன்றியது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிதான். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து மானிட்டர் வாங்குவது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். படம் எப்படி, விலை எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. அந்தக் கருவி செத்துப்போனால், செத்துவிட்டேன் என்று அதுவே சொல்லுமா? சொல்லாது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மானிட்டரில் அமைதி என்றால் பிள்ளை தூங்குகிறது என்று நம்புகிறோம். தொடர்பு அறுந்தாலும் அதே அமைதிதான் வருகிறது. இந்த இரண்டு அமைதிகளையும் பிரித்துக் காட்டாத கருவி, இல்லாத கருவியைவிட மோசம். அது இல்லாதிருந்தால் நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்திருப்பேன்.

முதலில் வைஃபை கேமராவையே காப்பாற்றப் பார்த்தேன். ரவுட்டருக்கு என்று சிறிய யூபிஎஸ் பெட்டிகள் அப்போது இங்கே எல்லாக் கடைகளிலும் குவிந்து கிடந்தன. பெட்டியில் 8800 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட்-மணிதான். அதை 12 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் வீணாகும். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டிக்கும் கொடுக்க வேண்டும், கேமராவுக்கும் கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 18 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. எங்கள் தெருவில் மின்வெட்டு அதைவிட நீளம். இன்னொன்று: மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ஒரு குதி குதித்து வரும். அண்டை வீட்டுக் குளிர்பெட்டி அப்படித்தான் போனது. எதைச் செருகினாலும் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பலகை வழியாகச் செருகுவது நல்லது.

அடுத்து, தெருவில் ஒரு பெரியம்மா தன் பேரன்களுக்குப் பயன்படுத்திய பழைய அனலாக் மானிட்டரைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பேட்டரியில் ஓடும், ரவுட்டர் வேண்டாம். சந்தோஷமாகப் போட்டேன். பத்து நிமிடத்தில் அதிலிருந்து ஒரு பெண் குரல், மீன் குழம்புக்குப் புளி போதவில்லை என்று ஆங்கிலத்தில் யாரையோ திட்டியது. எங்கள் வீட்டில் அன்று மீன் இல்லை. பழைய அனலாக் கருவிகள் சாதாரண வானொலி போலத்தான் பேசுகின்றன. அதே அலைவரிசையில் பக்கத்தில் வேறு கருவி இருந்தால் அது நமக்குக் கேட்கும், நம்முடையது அவர்களுக்குக் கேட்கும். ஆயாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் சாயங்காலம் அதைக் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மனைவியின் அக்கா ஹூஸ்டனில் இருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு, விலை உயர்ந்த மானிட்டர் ஒன்றை யாரோ வருகிறவர் கையில் கொடுத்துவிட்டார். பெட்டியைப் பிரித்துக் குறிப்பேட்டைப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. டெக்ட் என்கிற டிஜிட்டல் முறையில் இயங்குவது அது. நல்ல முறைதான். ஆனால் அமெரிக்காவில் அதற்கு ஒதுக்கியிருப்பது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1880 முதல் 1900 வரை. அமெரிக்கக் கருவி ஒலிபரப்பும் இடம் இங்கே கைபேசிச் சேவைக்கு உரியது. அதை இங்கே இயக்குவது சட்டப்படி சரியல்ல. செருகி வேறு, மின்னழுத்தம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் அதைச் சமாளித்துவிடலாம். அலைவரிசையைச் சமாளிக்க முடியாது. உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், அமெரிக்காவாக இருந்தால் அன்போடு மறுத்துவிட்டு வேறு ஏதாவது கேளுங்கள். பிரிட்டனிலிருந்து வரும் டெக்ட் கருவி அலைவரிசையில் ஒத்துப்போகும், செருகியை மட்டும் மாற்றினால் போதும். மனைவியின் அக்காவிடம் நாங்கள் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

கடைசியில் உள்ளூர்க் கடை ஒன்றில் டெக்ட் மானிட்டர் வாங்கினேன். படம் கிடையாது, ஒலி மட்டும். மனைவிக்கு முதலில் ஏமாற்றம். எனக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. பிள்ளை தூங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு போதை. அழுகை கேட்டால் எப்படியும் எழுந்து ஓடத்தான் போகிறோம், படத்தைப் பார்த்து அழுகையின் காரணம் கண்டுபிடித்த நாள் ஒன்றுகூட இல்லை என்று இருவரும் ஒருவரையொருவர் சமாதானப்படுத்திக்கொண்டோம். டெக்ட் கருவி வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதாது. அவை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ இருப்பவை. ஒலி டிஜிட்டல் வடிவில் போவதால் பக்கத்து வீட்டு மீன் குழம்பும் வராது.

கடையில் மூன்று விஷயங்களைத்தான் விடாமல் கேட்டேன். முதலாவது, பெற்றோர் கையில் இருக்கும் பகுதி பெரும்பாலான கருவிகளில் பேட்டரியில் ஓடும். பிள்ளை பக்கம் இருக்கும் பகுதியும் ஓடுமா என்பதுதான் கேள்வி. பலவற்றில் அது சுவர் மின்சாரத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. அப்படியானால் மின்வெட்டில் அது வெறும் பிளாஸ்டிக். இரண்டாவது, தொடர்பு அறுந்தால் பெற்றோர் பகுதி சத்தம் போடுமா. விற்பனைப் பையன் தெரியாது என்றான். பெட்டியைத் திறக்கச் சொல்லி, பிள்ளை பக்கப் பகுதியின் பேட்டரியை அங்கேயே கழற்றிப் பார்த்தேன். சில நொடிகள் அமைதி, பிறகு கீச்சென்று கத்தியது. அந்தக் கத்தலுக்குத்தான் பணம் கொடுத்தேன். மூன்றாவது, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிலையை அணைக்க முடியுமா. அந்த நிலையில் சத்தம் ஓர் அளவைத் தாண்டினால்தான் ஒலி வரும். முனகலும் சிணுங்கலும் வராது, அழுகையின் தொடக்கமும் விழுங்கப்படும். நாங்கள் அதை அணைத்துவிட்டு மெல்லிய இரைச்சலோடு கேட்டுப் பழகினோம். அந்த இரைச்சல் இருக்கும்வரை கருவி உயிரோடு இருக்கிறது.

பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தது. அது மரமில்லாத மைதானத்துக் கணக்கு. எங்கள் வீட்டை அளப்பதற்கு ஒரு வழி செய்தேன். ஆயாவைத் தொட்டில் அருகே உட்காரவைத்து, தமிழில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நான் பெற்றோர் பகுதியோடு முற்றத்தில் நடந்தேன். எண்கள் எங்கே விடுபடுகின்றனவோ அங்கே அலை எட்டவில்லை என்று பொருள். வாசலில் சரி, துணிக்கொடிக்கு அடியில் சரி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் காணாமல் போயின. இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் குறுக்கே நின்றால் அலை எங்கே போகும்? என் மேசையும் அந்தத் தொட்டிக்கு நேர் பின்னால்தான் இருந்தது. தொட்டியை நகர்த்த முடியாது, மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

ஆனால் இன்னொரு குழப்பம். எங்கே நின்றாலும் பத்தொன்பதுக்குப் பிறகு மறுபடி ஒன்று வந்தது. கருவியில் ஏதோ கோளாறு, ஒலி திரும்ப ஓடுகிறது என்று நினைத்து உள்ளே ஓடினேன். ஆயா அமைதியாகச் சொன்னார்: "பத்தொன்பதுக்கு மேலே எனக்கு இங்கிலீஷில்தான் வரும் தம்பி. நீ தமிழில் எண்ணச் சொன்னாயே." நேட்டாலில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் சில மாதங்கள் படித்தவர் அவர். இருபது பாடம் வருவதற்குள் வீட்டில் நிறுத்திவிட்டார்களாம்.

வயர் பற்றி ஒரு வார்த்தை, இதில் விளையாட்டு இல்லை. கருவியின் கம்பி தொட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது, குறைந்தது ஒரு மீட்டர் விலகியிருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவில், கம்பி கழுத்தில் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு, ஏறக்குறைய 17 லட்சம் வீடியோ மானிட்டர்கள் தொடர்பாகத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியானது. பிறந்த பிள்ளை கையை நீட்டாது என்று தொட்டில் விளிம்பில் மாட்டுகிறோம். ஆறு மாதத்தில் அது எதையும் இழுக்கும்.

காலில் மாட்டும் சாக்ஸ் மாதிரி ஒன்றும் உண்டு. இதயத் துடிப்பையும் ரத்தத்தில் பிராணவாயு அளவையும் கைபேசிக்குச் சொல்லும். அந்த இரவுக்குப் பிறகு மனைவி அதைக் கேட்டாள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் சிஸ்டரிடம் விசாரித்தோம். அவர் மகளின் நலக் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, "முதுகு கீழே இருக்கும்படி படுக்கவைக்கிறீர்களா? தொட்டிலில் தலையணை இருக்கிறதா? யாராவது வீட்டில் புகைபிடிக்கிறார்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பதில். திடீர்ச் சிசு மரணத்தைத் தவிர்க்கும் வழியாக வீட்டுக் கருவிகளை நம்ப வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும் என்பதும் அவர்கள் பரிந்துரை. குறைமாதப் பிள்ளைக்கோ நோயுள்ள பிள்ளைக்கோ மருத்துவரே கருவி எழுதிக் கொடுத்தால் அது வேறு. நாங்கள் வாங்கவில்லை. தொட்டிலிலிருந்து அத்தை ஆசையாகத் தைத்த தலையணையை மட்டும் எடுத்தோம். அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

இந்தக் கருவி பிறந்ததே பயத்தில்தான். 1932இல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது. அந்த அதிர்ச்சியில்தான் ஜெனித் வானொலி நிறுவனத் தலைவர் தன் மகளுக்காக யோசித்தார் என்கிறார்கள். 1937இல் வந்த முதல் மானிட்டரின் உருவத்தைச் சிற்பி இசாமு நொகுச்சி வடித்தார். இன்றும் இதை விற்கிறவர்கள் முதலில் தொடுவது அந்தப் பயத்தைத்தான்.

எங்கள் மானிட்டர் அறை வெப்பத்தையும் காட்டும். ஜூலை இரவுகளில் அது உதவியது. ஆனால் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தபோது உண்மையைவிட மூன்று பாகை கூடுதலாகக் காட்டியது. தொட்டில் உயரத்தில், ஹீட்டரைவிட்டு விலக்கி வைத்த பிறகுதான் சரியானது. மின்வெட்டில் எரிவாயு ஹீட்டரையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ மூடிய அறையில் வைத்து, வெப்பம் 20 காட்டுகிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்களுடையது போன்ற மானிட்டர் அதைச் சொல்லாது.

வைஃபை கேமராவைத்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு: அதனோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத செயலி வேண்டாம். உலகில் எத்தனையோ கேமராக்கள் ஆரம்பக் கடவுச்சொல்லோடே கிடக்கின்றன. 2016இல் மிராய் என்ற தீநிரல் அப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடித்துத்தான் பெரிய இணையதளங்கள் பலவற்றைத் தள்ளாட வைத்தது.

ஒட்டுக்கேட்பதற்கு அந்நியர் தேவையில்லை என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் கருவி ஆயாவின் குரலில் பேசியது. "நல்ல பிள்ளைதான். ஆனால் கறியை மோரோடு பிசைந்து தின்கிறான், அதைப் பார்த்தால் எனக்குச் சாப்பிடவே முடியவில்லை." அத்தை சிரிக்கும் சத்தமும் வந்தது. அந்த அறைக்குள் வருகிற எல்லோரிடமும், வீட்டு வேலைக்கு வரும் அம்மா உட்பட, இது எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட வேண்டும் என்பதை அன்று கற்றேன். மோர் விஷயத்தில் நான் மாறவில்லை.

2024 மார்ச் இறுதியிலிருந்து மின்வெட்டு பெரும்பாலும் நின்றுவிட்டது. கேபிள் திருட்டில் தெரு இருண்டுபோவது மட்டும் உண்டு. மகளுக்கு மானிட்டர் தேவைப்படாமல் போய், அது இழுப்பறையில் கிடந்தது. போன வருடம் ஆயா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. மானிட்டரை அவர் அறையில் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். யோசித்துவிட்டு நிபந்தனை போட்டார். பகலில் அணைத்திருக்கும், பொத்தான் அவர் கையில். இரவில் மட்டும் அவரே போடுவார், வேலை செய்கிறதா என்றும் அவரே பார்த்துக்கொள்வார்.

தினமும் படுக்கும் முன் இரைச்சலோடு அந்தக் குரல் எங்கள் அறைக்கு வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்தொன்பதில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். மகள் ஓடிவந்து பேசும் பொத்தானை இரண்டு கையாலும் அழுத்தி, "இருபது" என்று கத்துகிறாள்.